குருணைப் பூச்சி

— அப்ப அவன் பேரையா வைக்கிறீக? ஒரு பூச்சிக்கா?

— ஆமாங்கய்யா. அடுத்த மாசம் அச்சுல வந்துரும். இனிமே உலகத்துல எவன் இந்தப் பூச்சியப் பத்தி எழுதுனாலும் மகிழன் பேரச் சொல்லாம எழுத முடியாது. அத உங்க மக அபிதாட்ட நேர்ல சொல்லணும்னுதேன் தேனியில இருந்து வந்தேன். போன்ல சொல்ல மனசு வரல.

— அவ பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரந்தேன். கம்பத்துல பஸ் ஏறிருப்பா. இந்தச் சாரலுக்கு லோயர் கேம்ப் ரோடு பூராவும் ஜீப்பு அடைச்சுக்கிட்டு நிக்கும். ஏலக்காட்டுக்குப் போன பொம்பளையாளுக எல்லாம் மலைய விட்டு எறங்குற நேரம். நீங்க ஏன் படியில உக்காந்துருக்கீக? சேருல உக்காருங்க தம்பி. பேரு என்ன சொன்னீக?

— விஜயகுமாருங்கய்யா. காலேஜ்ல வாத்தியாரு. மகிழனும் நானும் கடமலைக்குண்டுல ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. நானும் அவன் ஆளுகதேன்.

— நான் அதக் கேக்கலியே.

— கேக்கலன்னாலும் சொல்லிர்றதுங்கய்யா. பின்னாடி தெரிஞ்சு ஒரு மாதிரி ஆயிரக் கூடாதுல்ல.

— உக்காருங்க தம்பி. அந்தச் சேரு கால் ஆடும், இதுல உக்காருங்க.

— பரவால்ல, நீங்க எந்திரிக்காதீக. இடுப்பு இப்ப எப்புடி இருக்கு?

— அது கெடக்கு. பாத்ரூம்ல வழுக்குனதுல எலும்பு ஒடஞ்சு பிளேட்டு வச்சிருக்காக. பவர் ஹவுஸ்ல இருந்தப்ப பைப் லைன் படியில கைப்புடியே இல்லாம ஏறி எறங்குன காலு. இப்ப கம்பு இல்லாம வாசக் கேட்டு வரைக்கும் போக முடியல.

— அபிதா வந்து பாத்துக்கிட்டதால கொஞ்சம் தேறிட்டீக.

— நான் கூப்புடல தம்பி. அவளா வந்தா. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சா தலமாட்டுல அவ நிக்கிறா. அல்லிநகரத்து வீட்டக் காலி பண்ணிட்டு, கம்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேலைய மாத்திக்கிட்டு இங்கன வந்துட்டா. ஏன் வந்தேன்னு நான் கேக்கல. அவளும் சொல்லல. மாத்தரை போட்டீகளா, வெந்நி வைக்கவா, சோறு போடவா. அம்புட்டுத்தேன் எங்க பேச்சு.

— மகிழன் ஒரு நா கூட உங்களத் தப்பாப் பேசுனதில்லங்கய்யா.

— பேசிருந்தான்னா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

— அப்புடிச் சொல்லாதீகய்யா.

— வேற எப்புடிச் சொல்ல? அவன் எங்க ஆளு இல்ல. அது ஒண்ணு. உருப்படியான உத்தியோகம் இல்ல, தனியார் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு, சாயங்காலமானா வெள்ள வேட்டியக் கட்டித் தொங்கவிட்டு லைட்டப் போட்டுப் பூச்சி புடிக்கிறான்னு வந்து சொன்னாக. அது ஒண்ணு. கர்ணன் மருமகன் பூச்சி புடிக்கிறவனாம்லன்னு சொந்தக்காரன் பூரா சிரிச்சான். ரெண்டு பேரும் இந்த வாசல மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.

— தெரியுங்கய்யா.

— ஜோதிலட்சுமி செத்தன்னைக்குத்தேன் அபி வந்தா. தாயப் பாக்க வர்றவள எப்புடித் தடுக்க? அவனும் கூட வந்துருக்கான். பஸ் ஸ்டாப்புலயே அவன நிப்பாட்டிட்டு இவ மட்டும் வந்தா. எடுக்குற வரைக்கும் வெயில்ல அங்கனயேதேன் நின்னானாம். மாமியாளுக்குத் தூரத்துல நின்னு கும்புட்டானாம். பாத்தவுக வந்து சொன்னாக. நான் திரும்பிக்கூடப் பாக்கல.

— அன்னைக்கு நானும் அவன்கூட நின்னேங்கய்யா.

— அப்புடியா.

— அழுதான். அபிதாவ நல்லா வளத்த அம்மாவாம். அவுக கையால ஒரு வாய் சோறு திங்காம போச்சேன்னு அழுதான்.

— போதும் தம்பி. வேற பேசுங்க.

— சரிங்கய்யா.

— இல்ல, வேற வேணாம். அதையே பேசுங்க. எப்புடிச் செத்தான்? இது வரைக்கும் யாருட்டயும் நான் கேக்கல. அபிட்ட நான் எந்த வாயால கேக்குறது?

— அபிதா ஒண்ணும் சொன்னதில்லியா?

— மலையில வழுக்கி விழுந்துட்டான்னு பேப்பர்ல போட்டதத்தேன் படிச்சேன். நீங்க கூட இருந்தீகளா?

— இருந்தேங்கய்யா. மேகமலைக்கு மேல, எஸ்டேட்ட எல்லாம் தாண்டிப் போனா ஒரு ஓடை. ரெண்டு பக்கமும் பாசி புடிச்ச பாறை. அந்தப் பாசியத் தின்னுதேன் இந்தப் பூச்சியோட புழு வளருது. மொத தடவ அங்கனதேன் ஒண்ணே ஒண்ண மகிழன் கண்டுபுடிச்சான். வெளியூருக்கு அனுப்பிப் பாத்தோம். அதாவது, இது புதுசுதேன், இதுவரைக்கும் யாரும் எழுதாததுதேன், ஆனா ஒண்ண மட்டும் வச்சு எதையும் முடிவாச் சொல்ல முடியாதுன்னுட்டாக. இன்னும் நாலஞ்சு வேணும், அதோட எல்லையும் தெரியணும்னாக.

— எல்லைன்னா?

— எங்கன இருந்து எங்கன வரைக்கும் இருக்குங்குறது. அந்த ஒரு ஓடையில மட்டுமா, மலை பூராவுமா, அடிவாரம் வரைக்கும் எறங்குதா. இந்த மாதிரிப் பூச்சி தூரமாப் பறக்காதுங்கய்யா. பொறந்த எடத்தச் சுத்தியேதேன் இருக்கும். நாளைக்கு அந்த ஓடை வத்திப் போனா இந்தச் சாதியே இல்லாம போயிருமா, இல்ல வேற எங்கனயாச்சும் பொழைச்சுக் கெடக்குமா, அது தெரிய வேணாமா?

— அதுக்காகத்தேன் மறுபடியும் ஏறுனானா.

— ஆமாங்கய்யா. ஆனி மாசம். ரெண்டு பேரும் போனோம். விடிஞ்சதும் புழு இருக்கான்னு பாறையத் தடவிக்கிட்டே ஓடைக்குள்ள எறங்குனான். எங்களுக்கு அங்கன மழையில்ல. உச்சியில பேஞ்சிருக்கு, தெரியல. தண்ணி செம்மண் கலரா மாறுனத நான்தேன் பாத்தேன். ஏலே மகிழா, ஏறுடான்னேன். இந்தா வந்துட்டேன்னான். கால எடுத்து வச்சான். பாசிங்கய்யா. அம்புட்டுத்தேன்.

— வலிச்சிருக்குமா?

— தலையில அடி. ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாக. நான் அத அப்புடியே நம்பிக்கிட்டு இருக்கேன்.

— நீங்கதேன் கீழ கொண்டாந்தீகளா?

— எஸ்டேட்டு ஆளுக கம்பளியில வச்சுத் தூக்கிக் குடுத்தாக. சின்னமனூரு வரைக்கும் ஜீப்புல அவன் தல என் மடியில இருந்துச்சு. அந்த வளைவுல எல்லாம் தல ஆடாமப் புடிச்சுக்கிட்டே வந்தேன். சட்டப் பையில பூச்சி போடுற டப்பா இருந்துச்சு. தொறந்து பாத்தேன். காலி.

— தண்ணி குடிங்க தம்பி. அந்தச் செம்புல இருக்கு.

— மறு வருசம் சாரலுக்கு நான் தனியாப் போனேன். அந்த ஓடைக்கே போனேன். இன்னும் நாலஞ்சு கெடச்சுச்சு. அத வச்சுத்தேன் இப்ப எழுதி அனுப்பிருக்கோம். உலகத்துலயே அந்த ஒரு ஓடையில மட்டுந்தேன் இருக்குன்னு.

— பூச்சியக் காட்டுங்க பாப்போம்.

— அபிதாவுக்குக் காட்டத்தேன் ஒண்ணு கொண்டாந்தேன். இந்தாங்க, கண்ணாடி மூடி, பைய வாங்குங்க.

— இம்புட்டுத்தானா? என் சுண்டு வெரல் நகம் அளவு கூட இல்ல. காப்பிக்கொட்டக் கலருல ஒரு தூசி. இதுக்காக ஒருத்தன்... கண்ணாடியப் போட்டுக்கிறேன், இருங்க.

— குத்தியிருக்குற ஊசி மட்டும் அசையாமப் பாத்துக்குங்க.

— தம்பி.

— சொல்லுங்கய்யா.

— இத எங்கன புடிச்சேன்னீக?

— மேகமலைக்கு மேல. அந்த ஓடையில. சொன்னேன்ல.

— இது நம்ம வீட்டுப் பூச்சிதான?

— எதுங்கய்யா?

— இதுதேன். குருணைப் பூச்சி. ஜோதிலட்சுமி அப்புடித்தேன் சொல்லுவா. றெக்கை ரெண்டுலயும் பாருங்க, ஒரு வெள்ளப் புள்ளி, குருணை அரிசி ஒட்டுன மாதிரி. சாரல் புடிச்சிருச்சுன்னா இந்த வாசல் லைட்டச் சுத்தி வந்து ஒட்டிக்கிரும். நான் வராந்தாவுல உக்காந்து சாப்புட்டா, ஏங்க, தட்ட மூடுங்க, குருணை விழுந்துரும்னு உள்ள இருந்து சத்தம் போடுவா.

— இல்லங்கய்யா, அது வேறயா இருக்கும். பழுப்புப் பூச்சி எல்லாம் பாக்க ஒண்ணு போலத்தேன் இருக்கும். எனக்கே தடுமாறும். இது உசரத்துல குளுந்த எடத்துல இருக்குறது. இங்கன அடிவாரத்துல, இந்தப் புழுக்கத்துல இருக்காது.

— புழுக்கமா? எங்க வீட்டுக்குப் பின்னால வந்து பாருங்க. தண்ணித் தொட்டிச் சொவரு பூராப் பாசி. பவர் ஹவுஸ் குழாய்ல இருந்து அடிக்கிற ஈரம் இந்தத் தெருவுல சித்திரையிலயும் காயாது. வருசா வருசம் சொரண்டிச் சுண்ணாம்பு அடிப்பேன். சாரல் வந்தா மறுபடியும் பச்சை ஏறிரும். பெரியாத்துத் தண்ணி மலையக் கொடஞ்சு அங்கிட்டுக் கேரளாவுல இருந்து வருதுல்ல தம்பி, அது கூட இதுவும் வந்துருக்கும்.

— பாசியா? பின் சொவத்துலயா?

— சந்தேகம் எதுக்கு? பொழுது மங்கிருச்சு. ஒங்க தலைக்கு மேல சுவிட்சு. போடுங்க.

— போட்டாச்சு.

— கொஞ்ச நேரம் ஆகும். ஒடனே வராது.

— இது ஈசல்.

— ஆமா. ஈசலுதேன் மொத வரும்.

— இந்தா, இது சாம்பக் கலரு. இது வேற, எங்கயும் இருக்குறது.

— பொறுங்க தம்பி. பவர் ஹவுஸ்ல மிசினுகூட இம்புட்டு அவசரப்படாது.

— எத்தன வருசமா இத இங்கன பாக்குறீக?

— இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து. அபி கைப்புள்ளையா இருந்தா. அந்தா. பல்லிக்குக் கீழ, ஓரமா. சொவத்துல புளியங்கொட்டையப் பாதியா ஒடச்சு ஒட்டுன மாதிரி இருக்கு பாருங்க.

— எங்க?

— பைய. காத்து பட்டாலே கீழ விழுந்துரும்.

— பையில லென்ஸு இருக்கு. டார்ச்சக் கொஞ்சம் இப்புடிப் புடிங்கய்யா. கை ஆட வேணாம். புள்ளி இருக்கு. ஓரத்துல கோடும் இருக்கு. கீழ் றெக்கை மஞ்சளா இருந்தாத்தேன் இது அது. றெக்கைய லேசா நகட்டிப் பாக்குறேன்.

— மஞ்சளா இருக்கா தம்பி?

— இருக்குங்கய்யா.

— அப்ப அதுதேன்.

— அதுதேன். இன்னொண்ணும் வந்துருச்சு. அந்தா இன்னொண்ணு. அய்யா, கொஞ்சம் லைட்ட விட்டுத் தள்ளி உக்காந்துக்கிறேன்.

— அழுகாதீக தம்பி.

— அழுகலங்கய்யா. அவன் டப்பா காலியா இருந்துச்சுன்னு சொன்னேன்ல. அதுதேன் கண்ணு முன்னால வருது.

— நான் ஒண்ணு கேக்குறேன். எனக்காகப் பொய் சொல்லக் கூடாது. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வாடான்னு நான் கூப்புட்டிருந்தேன்னு வைங்க. வந்துருப்பான். ஒரு ராத்திரி தங்கிருப்பான். இந்தச் சேருல உக்காந்துதேன் காப்பி குடிச்சிருப்பான், இதுலதேன் எல்லாரும் உக்காருவாக. தலையத் தூக்கிப் பாத்துருப்பான். அம்புட்டுத்தேன? தலையத் தூக்கிப் பாத்துருந்தா முடிஞ்சிருக்குமா, இல்லியா?

— மேல உள்ளதையும் போயிப் பாக்கத்தேங்கய்யா செஞ்சிருப்பான். அவன் கொணம் அது.

— எனக்காகச் சொல்லாதீகன்னேன்ல.

— ...அந்த ஆனியில போயிருக்க மாட்டான். எல்லை கீழ வரைக்கும் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, அந்த மழைக் காலத்துல அவசரப்பட்டு ஏறிருக்க மாட்டான். இங்கன வராந்தாவுல உக்காந்தே எல்லாத்தையும் எடுத்துருப்பான்.

— போதும். அதக் கேக்கத்தேன் கேட்டேன்.

— அய்யா, நீங்க தெரிஞ்சா செஞ்சீக?

— பூச்சி இருக்குறது தெரியாது. மனுசன் இருக்குறது தெரியும்ல. தம்பி, நீங்க இத அபிட்டச் சொல்லாதீக. பேரு வச்சதச் சொல்லுங்க. சந்தோசமாச் சொல்லுங்க. ஆனா இது இங்கன இருக்குறதச் சொல்லாதீக. அவ இதக் கண்டுக்கிட்டதே இல்ல. தெனமும் காலையில இந்த வாசலக் கூட்டுறவ அவதேன். லைட்டுக்கடியில விழுந்து கெடக்குறத எல்லாம் அவதேன் அள்ளிப் போடுறா. தன் புருசன் எதத் தேடிப் போயிச் செத்தானோ அத அப்பன் வீட்டு வாசல்ல கூட்டித் தள்ளிக்கிட்டு இருக்கோம்னு தெரிஞ்சா அவ எப்புடித் தாங்குவா?

— சொல்லலங்கய்யா. ஆனா எழுதாம இருக்க முடியாது.

— ஏன் முடியாது?

— ஒரே ஒரு ஓடையில மட்டும் இருக்குன்னு எழுதி அனுப்பிருக்கோம். அது இப்ப தப்பாப் போச்சே. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி திருத்தியாகணும். மலை உச்சியில இருந்து அடிவாரம் வரைக்கும் எல்லை. எடம், லோயர் கேம்ப். மகிழன் பேரு இருக்குற ஒண்ணுல பொய் இருக்கக் கூடாதுங்கய்யா.

— ஊரு பேர மட்டும் போடுங்க. வீட்டப் போடாதீக.

— அடிவாரத்துல மொதமொத பாத்தவுக யாருன்னு ஒரு பேரு போடணும். அது உங்க பேருதேன். கர்ணன், ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர்னு.

— எம் பேரா? அவன் பேருக்குப் பக்கத்துலயா?

— கீழ, அடுத்த வரியில.

— தம்பி, வேணாம். கையெடுத்துக் கும்புடுறேன். அந்த எடத்துல எம் பேரு வரக் கூடாது. நீங்களே பாத்ததாப் போட்டுக்கங்க.

— நீங்க காட்டாம நான் பாத்தேனா? அது எப்புடிங்கய்யா முடியும்?

— கேட்டுத் தொறக்குற சத்தம் கேக்குது. அவதேன். டப்பாவ மூடுங்க. மூஞ்சியத் தொடைங்க.

— விஜயண்ணே. எப்ப வந்தீக? ஒரு போன் அடிச்சிருந்தா பெர்மிசன் போட்டுட்டு வெள்ளன வந்துருப்பேன்ல. மதினி, புள்ளைக எல்லாம் நல்லாருக்காகளா?

— எல்லாரும் நல்லாருக்கோம் தங்கச்சி. நனைஞ்சு போயி வந்துருக்க. போயித் தலையத் தொவட்டிட்டு வா.

— கெடக்கட்டும்ண்ணே. ஏன்ப்பா, அண்ணனுக்குக் காப்பி ஒண்ணும் குடுக்கலியா? பக்கத்து வீட்டுல சொன்னா போட்டுக் குடுத்துருப்பாகல்ல.

— வேணாம்னுட்டாரு ஆத்தா. நீ உக்காரு. அவரு ஒரு சேதி சொல்லணும்னு வந்துருக்காரு.

— என்னண்ணே?

— மகிழன் பூச்சி அச்சுல வருது தங்கச்சி. புது இனம்னு ஒத்துக்கிட்டாக. அவன் பேருதேன் அதுக்கு.

— அவுக பேரா?

— ஆமா. அதாவது, கடைசியில ஒரு எழுத்து சேரும். பூச்சிக்குப் பேரு வைக்கிற லத்தீன் பாசையில அப்புடித்தேன் எழுதணும். மகிழனின்னு முடியும்.

— இன்னொரு தடவ சொல்லுங்க.

— மகிழனி.

— மகிழனி. பொம்பளப் புள்ளைக்கு வைக்கிற பேரு மாதிரி இருக்குண்ணே.

— ஆமால்ல.

— எங்களுக்கு ஒண்ணு இருந்துருந்தா வச்சிருக்கலாம். நல்ல பேரு. அண்ணே, நீங்க ஏன் அழுகுறீக? நான்தேன் அழுகணும்.

— சந்தோசந்தேன் தங்கச்சி.

— அப்பா கண்ணும் செவந்திருக்கு. டார்ச்சு எதுக்கு வெளிய கெடக்கு? ஓ. குருணைப் பூச்சி வந்துருச்சா. சாரல் ஆரம்பிச்சா வந்துருமே.

— ஆத்தா, அது சும்மா ஏதோ பூச்சி. அண்ணனுக்குக் காப்பி போடு, போ.

— சும்மா பூச்சி இல்லப்பா. அது எனக்குத் தெரியும்.

— தெரியுமா? ஒனக்கு எப்புடி?

— அவுக மேகமலையில புடிச்சிட்டு வந்து மொத மொத எங்கிட்டதேன் காட்டுனாக. பாத்தவுடனே சொல்லிட்டேன், இது எங்க வீட்டு வாசல் லைட்டுக்கு வர்றது, எங்கம்மா குருணைப் பூச்சிம்பாகன்னு.

— தங்கச்சி, மகிழன் எங்கிட்ட இதச் சொல்லவே இல்லியே.

— கையில எடுத்துப் பாக்காம ஒண்ணச் சொல்லுவாகளா அவுக? நீங்கதேன் கூடவே இருந்தவரு. கண்ணால பாத்தது மட்டும் போதாதும்பாக.

— அப்ப தெரிஞ்சும் தெனமும் இதக் கூட்டிக்கிட்டா இருந்த ஆத்தா?

— கூட்டலப்பா. பொறுக்கி எடுத்து அந்த மல்லிச் செடிக்கடியில போடுவேன்.

— அபிதா, இங்கன இருக்கறதால நான் ஒரு திருத்தம் எழுதணும். அடிவாரத்துல மொத பாத்ததுன்னு அய்யா பேரப் போடலாம்னு இருக்கேன். அய்யா வேணாங்குறாக. நீயாச்சும் சொல்லு.

— அப்பா பேரு வேணாம்ண்ணே.

— நானும் அதத்தேன் சொன்னேன் ஆத்தா. எனக்கு என்ன தகுதி இருக்கு?

— தகுதிக்குச் சொல்லலப்பா. அது சரியா இருக்காது. அவுக பாத்தத வேற ஆளு பேருல எழுத நான் விட மாட்டேன். அண்ணே, அவுக பேரையே போடுங்க. இங்கனயும் இது இன்னதுன்னு தெரிஞ்சு மொத பாத்தது அவுகதேன்.

— அது எப்புடி ஆத்தா? மாப்ள இந்த வீட்டுக்கு வந்ததே இல்லியே.

— இத உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்ப்பா. அண்ணங்கிட்டக்கூட அதுக்குத்தேன் சொல்லல.

— எத?

— நான் சொன்னதக் கேட்டு, ஒரு நா பள்ளிக்கூடம் விட்டதும் குமுளி பஸ்ஸப் புடிச்சு வந்துட்டாக. எங்கிட்டக்கூடச் சொல்லல. கேட்டுக்கு அங்கிட்டு நின்னாகளாம். லைட்டுக்குக் கீழ சொவத்துல ஒண்ணு உக்காந்துருந்துச்சாம். உங்களக் கூப்புட்டுக் கேட்டுட்டு, உள்ள வந்து பாத்துட்டுப் போயிருவோம்னு கேட்டுல கை வச்சாகளாம்.

— ... அன்னைக்குத் தூத்தல் போட்டுக்கிட்டு இருந்துச்சு.

— ஆமாப்பா. சட்டையெல்லாம் நனைஞ்சுதேன் வீடு வந்தாக.

— தங்கச்சி, போதும்மா. விட்ரு.

— நீங்க எட்டிப் பாத்தீகளாம். பாத்துட்டு லைட்ட அமத்திட்டுக் கதவச் சாத்திட்டீகளாம். அப்பவும் அவுகளுக்குக் கோவம் வரலப்பா. தலையத் தொவட்டிக்கிட்டே சொன்னாக, "மாமாவுக்கு அசதி போல அபி, வெள்ளனப் படுத்துட்டாக, அவுகளத் தொந்தரவு பண்ண வேணாம், நான் மலைக்கே போயிப் பாத்துக்கிறேன்"னு.